மலாயா அக்கா எனக்கு எழுதிவிட்ட இடம்

ஐஸ் மழை கொட்டி, மரக்கொப்பெல்லாம் கண்ணாடிக் குழாய் போல முறிந்து விழுந்து, கிறிஸ்மஸ் நாளிலும் ரொறன்ரோவில் கனபேர் கரண்ட் இல்லாமல் விறைத்துக் கிடந்தார்களே, அந்த மாரியில்தான் மலாயா அக்கா தன் மரணசாதனத்தை எழுதினார். இங்கே அதை வில் என்கிறார்கள். செத்தால் எது யாருக்கு என்று எழுதி வைக்கிற கடதாசி. அக்கா செத்தது அதற்கு அடுத்து வந்த தவக்காலத்தில். என்ன ஆண்டு என்று கேட்டால் எனக்கு நம்பர் நிற்காது. பள்ளிக்கூடத்துக்குள் இருந்த நேரத்தை விட அதன் கிணற்றடியில் நின்ற நேரம் எனக்குக் கூட. ஆனால் ஐஸ் மழையை மறந்தவர் எவரும் இல்லை.

ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் எங்கள் பில்டிங்கில் லிப்ட் நின்றுவிட்டது. நான் மூன்றாம் மாடி, அக்கா எட்டாம் மாடி. அஜக்ஸில் இருந்து அவருடைய மகன் காரில் வந்து, கீழே நின்றபடியே போன் எடுத்தார். அந்த மகனை இனி மூத்தவர் என்றே சொல்கிறேன். மூத்தவருக்குத் தம்பிமார் இல்லை, லண்டனில் ஒரு தங்கச்சி மட்டும். ஆனாலும் எல்லா இடத்திலும் மூத்தவராக நடந்துகொள்கிற ஆள்.

"அம்மா, இறங்கி வாங்கோ. எங்கட பக்கம் கரண்ட் வந்திட்டுது."

"நீ ஏறி வா. பிறகு நான் இறங்கிறன்" என்றார் அக்கா.

அவர் ஏறவில்லை. இவர் இறங்கவில்லை. கார் திரும்பிப் போனது. நான் அக்காவின் யன்னலில் நின்று பார்த்தேன். ஐஸில் சறுக்கிச் சறுக்கி, கொஞ்சம் வெட்கப்பட்டது போலத்தான் அந்தக் கார் போனது.

அடுத்த நாள் அக்கா ஒரு லோயரைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பெடியன். ஊர்ப் பெடியன் என்றபடியால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. கோட்டும் சூட்டும் போட்டு எட்டு மாடியும் ஏறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயால் காற்றுத்தான் வந்தது, கதை வரவில்லை.

"தம்பி, முதல் மூச்சை எடும்" என்றார் அக்கா. "இல்லாட்டி உம்மட மரணசாதனத்தை நான் எழுதவேண்டி வரும்."

நான் அப்போது அங்கே மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீர் கொஞ்சம் வெளியில நில்லும்" என்றார். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ மனுசனும் மனுசியும் வந்தார்கள். தமிழ் தெரியாத இரண்டு பேரை உள்ளே விட்டு, என்னைக் கொரிடோரில் நிறுத்திவிட்டாரே என்று எனக்கு மனம் கொஞ்சம் சுணங்கியது. என்னுடைய கையெழுத்து வேலிக்கம்பி போல வளைந்து போகும், அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலாயா என்பது அக்காவின் பட்டம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அவருடைய புருஷன் மலாயா ரெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரர். பென்சனோடு ஊருக்கு வந்தபோது மணி அடிக்கிற பெரிய சுவர் மணிக்கூடு ஒன்று, வெள்ளிக் கேத்திலோடு ஒரு தேத்தண்ணிச் செட், ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் தொப்பி, இவ்வளவும் வந்தன. அவர் ஊரிலேயே செத்துப்போனார். மணிக்கூடும் செட்டும் தொப்பியும் அக்காவோடு கனடா வந்தன. டோர்செட் பார்க்கின் எட்டாம் மாடியிலும் பின்னேரம் நாலு மணிக்கு மணிக்கூடு அடிக்கும், அக்கா கோப்பைக்குக் கீழே சோசர் வைத்துத் தேத்தண்ணி குடிப்பார். "நாங்கள் அப்பிடி விட்டிருக்க மாட்டம்" என்று அவர் சொன்னால், அந்த நாங்களில் இங்கிலாந்து ராசாவும் சேர்த்தி.

எனக்கு மக்கில்தான் தருவார். மக் பெரியது, தேத்தண்ணி கூடப் பிடிக்கும். நான் குறை சொல்லவில்லை.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இடுகாட்டைச் சேமக்காலை என்போம். என் தகப்பன் அந்தச் சேமக்காலையில் குழி வெட்டியவர். ஸ்ரேசன் மாஸ்ரருக்கு வெட்டியதும் அவர்தான். மண் அள்ளிக் கொடுத்தது நான். அக்காவின் ஆட்களுக்குச் சேமக்காலையின் நடுவில், சிலுவைக்குக் கிட்ட இடம். எங்கள் ஆட்களுக்கு வேலிக்கரை. எல்லாருடைய குழியையும் வெட்டியவருக்கும் வேலிக்கரைதான். என் அம்மா அக்காவை நாச்சியார் என்றுதான் கூப்பிட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

கனடா வந்து நான் முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தேன். ஒரு அறைக்குள் ஏழு பேர். அதில் ஒருவர் இரவெல்லாம் நித்திரையில் கணக்குப் பாடம் சொல்வார். அதைச் சொல்லப் போனால் நீளும். பிறகு டோர்செட் பார்க். வந்த கிழமையே லிப்ட் திறந்தது, உள்ளே மலாயா நாச்சியார் நிற்கிறார். என் வாயில் வந்தது "அக்கா" என்றுதான். லிப்ட் எட்டாம் மாடி வரைக்கும் ஏறிப் போனது. நான் மூன்றாம் மாடியில் இறங்கவும் மறந்துபோனேன். கதவு திறந்தபோது, "தம்பி, உந்தச் சாமான் பாக்கைத் தூக்கிக்கொண்டு வாரும்" என்றார்.

அன்றைக்குத் தூக்கிய பாக்கைப் பிறகு நான் கீழே வைக்கவே இல்லை. ஞாயிறு பூசைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன், மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பேன், மக்கில் தேத்தண்ணி குடிப்பேன். மகன் வீட்டில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு, மருமகளோடு கொழுவிக்கொண்டு தனியே வந்தவர் அவர். நான் கல்யாணம் கட்டாத ஆள். இரண்டு பேருக்கும் கதைக்க ஆள் வேண்டியிருந்தது. கதை என்றால் அவர் கதைப்பார், நான் ஓம் போடுவேன்.

அக்காவிடம் ஒரு கல்லறை இருந்தது. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், முதலில் இன்சூரன்ஸ் விற்றான், பிறகு வீடு விற்றான், பிறகு கல்லறை விற்கத் தொடங்கினான். அக்காவிடம் வந்து, ரெண்டு பேருக்கான இடமாக எடுத்தால் வலு மலிவு என்றான். "மனுசன் ஊரில கிடக்கிறார். எனக்கு ரெண்டு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கட்டும் அன்ரி, ஆருக்கும் உதவும்" என்றிருக்கிறான். எங்கள் சனம் கடையில் மலிவு என்று எழுதியிருந்தால் காலில்லாதவனுக்கும் சப்பாத்து வாங்கும். அக்கா வாங்கிவிட்டார்.

ஒரு கார்த்திகை மாதம், செத்தவர்களின் திருநாளன்று, அந்த இடத்தைப் பார்க்க இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

"அதில ஏறி நிண்டு பாரும். தண்ணி நிக்குதோ?"

நான் நின்று பார்த்தேன். காலால் உதைத்தும் பார்த்தேன். "நல்ல மண் அக்கா. தண்ணி வடியும்."

"உமக்கு எங்க?" என்று கேட்டார்.

என் கூடப்பிறந்த அக்காவின் மகன் ஒருவன் இங்கே இருக்கிறான். என் சாவை அவன்தான் பார்க்கவேண்டும். நல்ல பிள்ளை. அவன் எப்போதும் சொல்வது, "மாமா, இப்ப எல்லாரும் எரிக்கிறதுதான். சிம்பிள்." இதை அக்காவுக்குச் சொன்னேன். அதோடு, வேறு எவருக்கும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். ஊரில் ஷெல் விழுந்து எங்கள் வீடு எரிந்தபோது என் அம்மா உள்ளே இருந்தாள். நான் வெளியே நின்றேன். அதற்குப் பிறகு எனக்கு நெருப்பு ஏலாது. பூசையில் மெழுகுதிரி கொளுத்தவும் மற்ற ஆளிடம்தான் கொடுப்பேன். செத்த பிறகு ஒன்றும் தெரியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது தெரிகிறதே.

அக்கா ரோட்டை எட்டிப் பார்த்தார். "பஸ் வருது, கெதியா நடவும்" என்றார்.

தவக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நித்திரையில், சத்தம் இல்லாமல். சத்தமெல்லாம் பிறகுதான் வந்தது. அடக்கத்தன்று குழியை எட்டிப் பார்த்தேன். நல்ல ஆழம். குளிர் நாட்டில் நிலம் உறையும், அதற்காக ஆழமாக வெட்டுகிறார்கள் ஆக்கும் என்று நினைத்தேன். மூத்தவர் குழியைப் பார்க்கவில்லை. வீடியோ எடுக்கிறவனுக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயிலின் கீழ் மண்டபத்தில் சாப்பாடு. அங்கேதான் மூத்தவர் அந்த வேலையைப் பார்த்தார். கோயிலுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் எழுதியிருக்கிறேன் என்று அக்கா உயிரோடு இருக்கும்போது அவருக்குச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. மூத்தவர் அதைக் கேட்கவும் இல்லை. ஊர்ச்சனம் முழுக்க இருக்கும்போது, மைக்கில், அந்தக் கொடையை வாசிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. செத்தவீட்டுக்கு வந்த மாலையையே மைக்கில் வாசிக்கிற சனம் நாங்கள்.

"அண்ணை, உது வழக்கமில்லை. ஒபிசுக்கு வாங்கோ, தனிய வாசிப்பம்" என்று லோயர்ப் பெடியன் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கிட்ட நின்று மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா குடுத்ததைச் சனம் அறியட்டும். நீர் வாசியும்."

பெடியன் வாசித்தான். இங்கிலிசில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான்.

மூத்த மகனுக்கு, அவர் எப்போதும் தகப்பனின் உத்தியோகத்தைப் பற்றியே பேசுகிறபடியால், தகப்பனின் தொப்பி. மருமகளுக்கு, பதினாலு வருஷமாகத் தொடவிடாத தேத்தண்ணிச் செட், இனிக் கழுவலாம். லண்டன் மகளுக்குத் தாலிக்கொடி. சனம் சிரிப்பதா இல்லையா என்று ஒருவரை ஒருவர் பார்த்தது.

கோயிலுக்கு மணிக்கூடு. பிரசங்கம் செய்கிற சுவாமியின் கண்ணுக்கு நேரே அதைத் தொங்கவிடவேண்டும். எங்கள் சுவாமி நல்லவர், ஆனால் ஆதாமில் தொடங்கினால் நோவாவின் பெட்டி வரைக்கும் நடந்துதான் போவார். அன்றைக்கு அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திவிட்டார். அந்த மணிக்கூடு இன்றைக்கும் கோயிலின் கீழ் மண்டபத்துக் குசினியில், அடுப்புக்கு மேலே தொங்குகிறது. அங்கே பிரசங்கம் இல்லை.

அடுத்தது ஊர்ச் சங்கம். எங்கள் சின்ன ஊருக்கு ரொறன்ரோவில் இரண்டு சங்கம். முதலில் ஒன்றுதான். ஆண்டு மலரில் ஒருவருடைய படம் மற்றவருடைய படத்தை விடச் சின்னதாக வந்துவிட்டது, அதோடு இரண்டானது. இரண்டு சங்கமும் கோடையில் ஒரே பார்க்கில், ஒரே நாளில், வேறு வேறு மரத்துக்குக் கீழே கூழ் காய்ச்சும். அக்காவிடம் ஒரு பெரிய கிடாரம் இருந்தது. ஊரில் இருந்து வரும்போது அதற்குள்ளே மிளகாய்த்தூளை அடைத்துக் கொண்டுவந்து, ஏர்போட்டில் கஸ்டம்ஸ்காரன் மூடியைத் திறந்து தும்மின தும்மலில் மற்றப் பெட்டிகள் ஒன்றையும் பார்க்காமல் விட்டுவிட்டானாம். அந்தக் கிடாரத்தை ஒரு சங்கத்துக்கும், அதன் மூடியையும் துடுப்பையும் மற்றச் சங்கத்துக்கும் எழுதியிருந்தார். சேர்ந்து காய்ச்சட்டும் என்று நினைத்தார் ஆக்கும். அந்தக் கோடையில் ஒரு சங்கம் புது மூடி வாங்கியது, மற்றச் சங்கம் புதுக் கிடாரம் வாங்கியது. இரண்டு மரத்துக்குக் கீழேயும் கூழ் வலு சோக்கு. நான் இரண்டிலும் குடித்தேன்.

கடைசியாக லோயர்ப் பெடியன் தண்ணி கொஞ்சம் குடித்துவிட்டு, என் பெயரைச் சொல்லி இதை வாசித்தான்.

என் கல்லறையில் எனக்குப் போக மீதியாக உள்ள இடத்தை, மூன்றாம் மாடித் தம்பிக்கு விடுகிறேன். அவரை எரிக்கக்கூடாது.

மண்டபத்தில் மிக்ஸர் கடிக்கிற சத்தமும் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: ஏதாவது வாங்கப்போகிற ஆள் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாதாம். அதற்காகத்தான் அன்றைக்கு என்னைக் கொரிடோரில் நிறுத்தியிருக்கிறார். நான் அழவில்லை. வாயில் மிக்ஸர் இருந்தது.

பின்வாங்கில் ஒரு மனுசி, மெதுவாகக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு, "அப்பவே நான் சொன்னனான், மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்க ஆரும் இவ்வளவு மாடி ஏறுவினமோ?" என்றாள். எனக்கு எழுபது, அக்காவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மூத்தவர் என்னை அஜக்ஸுக்குக் கூப்பிட்டார். கார் அனுப்பினார். நான் அந்த வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தரம். உள்ளே மூத்தவர், அவருடைய மனுசி, கோயில் பங்குச்சபைத் தலைவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் கிடாரம் கிடைத்த சங்கத்துக்கும் தலைவர்.

"அண்ணை, இருங்கோ" என்றார் மூத்தவர். ஊரில் சைக்கிளில் போகும்போது என்னை டேய் என்று கூப்பிட்டவர். கனடாவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அண்ணை ஆனது அன்றைக்குத்தான்.

மூத்தவரின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்தார். மலாயாச் செட். எனக்கும் கோப்பை, கீழே சோசர். எனக்குச் சோசரைப் பிடித்துப் பழக்கமில்லை, அது கிலுகிலு என்றது.

"பிரச்சினை உங்களில இல்லை அண்ணை" என்றார் மூத்தவர். "நாங்கள் உந்தப் பழைய கதையள் பாக்கிற ஆக்களில்லை. என்ரை பெடியன் வெள்ளைக்காரியைக் கட்டியிருக்கிறான்."

"ஓம்."

"ஆனா சனம் கதைக்கும் எல்லோ?"

"எந்தச் சனம்?"

"சனம்தான்" என்றார் தலைவர்.

"அதுக்கு நான் ஒரு ஒழுங்கு பாத்திருக்கிறன்" என்று மூத்தவர் ஒரு கடதாசியை எடுத்து வைத்தார். "உங்களுக்கு அங்கேயே சுவரில ஒரு இடம். பெட்டி மாதிரி. கண்ணாடிக் கதவு. மழை, பனி ஒண்டும் படாது. உள்ளுக்க ஹீற்றிங்கும் இருக்கு. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, மற்றதெல்லாம் நான் பாக்கிறன்."

"அந்தப் பெட்டிக்குள்ள நான் எப்பிடி அடங்குவன்?"

"சாம்பல்தானே அண்ணை."

"எரிக்கவேணும் எல்லோ?"

"அது செத்த பிறகுதானே. உங்களுக்குத் தெரியவோ போகுது?"

"எனக்கு இப்ப தெரியுதே" என்றேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சுவாமியிட்டயும் கேட்டனாங்கள். மோட்சத்தில நடுவும் வேலிக்கரையும் இல்லை எண்டவர்."

"அப்ப சரிதானே?"

"அது மோட்சத்தில. இது ஸ்காபரோ."

மூத்தவருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. இரண்டு இடம் என்றால் நடுவில் ஒரு வேலி, ஒரு சின்னப் பூச்செடி வரிசை வைக்கலாமோ? கல்லறை ஒபிசுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இங்கிலிசில் அன்பாகப் பேசினாள். எனக்கு விளங்கவில்லை. மூத்தவரின் முகம் மட்டும் மாவுப் பிட்டு நிறத்துக்கு வந்தது.

"என்னவாம்?" என்றார் தலைவர்.

"பக்கத்தில பக்கத்தில இல்லையாம். ஒரே குழிதானாம். ஒண்டுக்கு மேல ஒண்டு."

அடக்கத்தன்று கண்ட ஆழம் எனக்கு நினைவு வந்தது.

"ஆர் கீழ?"

"முதல் போனவை கீழ. பிறகு போறவை மேல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோசரைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு மேலயோ!" என்றார் மூத்தவர். "ஸ்ரேசன் மாஸ்ரற்ற மனுசிக்கு மேலயோ!"

"நான் கீழ போகவும் சம்மதம்" என்றேன். "அக்காவைக் கொஞ்ச நாளைக்கு வெளியில எடுத்து வைச்சாச் சரி."

நான் உதவி செய்யத்தான் சொன்னேன். அதை எவரும் உதவியாக எடுக்கவில்லை.

தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். "குடும்பத்தில ஒராள் அந்த இடத்தை எடுத்தாச் சனம் கதைக்காது. தாயோட மகன். அதில என்ன? நீங்கள்தான் பொருத்தம்."

மூத்தவர் யோசித்தார். தாய்க்கு மேலே தன்னை வைத்துப் பார்த்தார் போல. "அப்ப இவ எங்க போறது?" என்று மனுசியைக் காட்டினார். "நாங்கள் ரெண்டு பேருக்கும் இங்க அஜக்ஸ் பக்கம் எல்லே பாத்து வைச்சிருக்கு."

"அப்ப உங்கட மனுசி அதில போகட்டும்" என்றார் தலைவர். "மாமியும் மருமகளும்—"

மூத்தவரின் மனுசி வெள்ளிக் கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்ன சொன்னனீங்கள்? பதினாலு வருசம் இந்த வீட்டில அந்த மனுசியோட கிடந்தது காணாதோ? கறிக்கு உப்புப் பாக்க அவ, சட்டி கழுவினா விரலால தடவிப் பாக்க அவ. செத்தும் நான் போய் அவவுக்கு மேல கிடக்கோணுமோ? கீழ இருந்து கொண்டு, நான் சரியாப் படுக்கேல்லை எண்டு சொல்லுவா."

"நீர் சும்மா இரும், நாங்கள் கதைக்கிறம்" என்றார் மூத்தவர்.

"நான் சும்மாதான் இருக்கப்போறன், இங்க நிலத்துக்கு மேல. இஞ்ச பாருங்கோ அண்ணை," என்று என்னிடம் திரும்பினார், "அவ உங்களுக்குத்தான் எழுதினவ. நீங்கள் போங்கோ. சந்தோசமாப் போங்கோ."

"இப்பவே இல்லைத்தானே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, நான் கையெழுத்து வைக்கவேண்டிய அந்தக் கடதாசியை மேசையில் சரியாக விரித்து, அதன் மேல் சூடான கேத்திலை வைத்தார். எடுத்தபோது கடதாசியின் நடுவில் வட்டமாக ஈரம், எழுத்தெல்லாம் ஊறிப்போய் இருந்தது. மூத்தவர் வேறு கடதாசி எடுக்கவில்லை. என் கோப்பையில் இன்னொரு தேத்தண்ணி விழுந்தது. சோசர் அந்தத் தரம் கிலுகிலு என்னவில்லை.

அன்றைக்கு எனக்கு நீதி கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஒருவரும் மனம் மாறவில்லை. அக்காவோடு கிடக்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் விருப்பமில்லை, அதனால் இடம் எனக்கு மிஞ்சியது. அக்காவுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். குழி ஒன்றுதான் என்பதும் தெரிந்திருக்குமா? அதைக் கேட்க இனி நான் நேரே போகவேண்டும்.

மூத்தவர் விட்ட இடத்தில் விடுகிற ஆள் இல்லை. அடுத்த கோடையில் கல் வைத்தார். போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல், பெரியது. அக்காவின் பெயர், புருஷனின் பெயர், மலாயா, ரெயில்வே, ஸ்ரேசன் மாஸ்ரர், எங்கள் ஊர், ஊர்க் கோயில், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஒரு வேதவசனம், ஒரு ரெயிலின் படம். எனக்கு இங்கிலிஸ் வாசிக்க வராது, என்றாலும் இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வாசிப்பு எதற்கு? எல்லாவற்றுக்கும் கீழே, புல் முட்டுகிற இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு வெறும் கோடு விட்டிருந்தார். என் பெயர் வந்தால் அங்கேதான் வரும். ஊரில் வேலிக்கரை, இங்கே கல்லின் கரை. மாரியில் பனி மூடும், கோடையில் புல் வெட்டுகிற மெசின் உரசும். எனக்கு அதுவும் போதும். கல்லுக்கு மேலே எப்படியோ, மண்ணுக்கு உள்ளே நான்தான் மேல்.

இப்போது என் கவலை வேறு. லோயர்ப் பெடியன் எலக்சன் கேட்கப் போய்விட்டான். அவனுடைய முகம் எலக்சன் அட்டையாக ஒவ்வொரு வீட்டுப் புல்லிலும் நிற்கிறது, ஆள் போனுக்கு வருவதில்லை. மூத்தவருக்கு நான் எரிந்தால் சந்தோசம். என் அக்கா மகனுக்கு இதையெல்லாம் பல தரம் சொல்லிவிட்டேன். "ஓம் மாமா, ஓம் மாமா" என்கிறான், கண் போனில் இருக்கிறது. போன மாதமும் ஏதோ பாக்கேஜ் என்றான். எரிக்கிற பாக்கேஜ். மலிவாம்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கமாட்டான். ஆனபடியால் இதை வாசிக்கிற நீங்கள்தான் சொல்லவேண்டும். அஜக்ஸ் பக்கம், கோயிலில், பார்க்கில், கூழ் காய்ச்சுகிற எந்த மரத்துக்குக் கீழே அவனைக் கண்டாலும் சரி, பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வயதான மாமா ஒருவரை வைத்திருக்கிற எந்தப் பெடியனைக் கண்டாலும் சொல்லுங்கள்: மாமாவை எரிக்கவேண்டாம், அவருக்கு இடம் இருக்கு, கீழே ஆளும் இருக்கு.